பசுமைத் தகவல் தொழில்நுட்பப் பணித்திறன்கள்

பசுமைத் தகவல் தொழில்நுட்பப் பணித்திறன்கள் என்பன கணினிகள், வழங்கிகள், பிணையக் கருவிகள் முதலியவற்றைச் சூழலுக்கு இயன்றவரை குறைந்த கேடு விளையுமாறு வடிவமைக்கவும், இயக்கவும், கழித்தகற்றவும் தேவைப்படும் தொழில்சார் அறிவையும் பயிற்சியையும் குறிக்கும். இத்திறன்களை வரையறுத்து, அளந்து, சான்றளிப்பதற்கான ஏற்பாடுகள் பயிற்சித் தரங்கள் எனப்படுகின்றன.

தோற்றம்

1992 இல் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியபோது கவனம் முழுவதும் கருவியின் மீதே இருந்தது. கருவியை இயக்குபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது பின்னரே கேள்வியாயிற்று. ஓர் எளிய கணக்கைக் காண்க. 60 வாட் மின்சாரம் கொள்ளும் ஒரு கணினி, ஆண்டில் 250 இரவுகள், இரவுக்கு 14 மணிநேரம் வீணே இயங்கினால் 210 அலகு மின்சாரம் செலவாகும். 500 கணினிகள் உள்ள அலுவலகத்தில் இது 1,05,000 அலகு. இவ்விழப்பைத் தடுக்கப் புதுக்கருவி எதுவும் வேண்டியதில்லை. அமைப்புகளை முறையாகச் செய்யத் தெரிந்த ஒரு நிர்வாகி போதும்.

தரக் கட்டமைப்புகள்

பிரித்தானியாவில் உருவாகிப் பல நாடுகளில் பயன்படும் 'தகவல் காலத்துக்கான திறன்கள் கட்டமைப்பு' (எஸ்.எஃப்.ஐ.ஏ) ஒவ்வொரு திறனையும் ஏழு பொறுப்பு நிலைகளுக்குள் வைத்து விளக்குகிறது. முதல் நிலையில் இருப்பவர் பிறர் சொற்படி செய்பவர். ஏழாம் நிலையில் இருப்பவர் நிறுவனத்தின் கொள்கையையே வகுப்பவர். நிலைபேறு தொடர்பான திறன்களும் இதில் இடம்பெற்றுள்ளன. 2016 இல் ஐரோப்பியத் தரமாக (ஈ.என் 16234-1) ஏற்கப்பட்ட மின்தகைமைக் கட்டமைப்பும் ஐந்து நிலைகளைக் கொண்டு இதே பணியைச் செய்கிறது.

இத்தகைய கட்டமைப்பைப் பாடமாக மாற்றியதற்கு ஆஸ்திரேலியா நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்திரேலியக் கணினிக் கழகத்துக்காக டாம் வொர்திங்டன் வடிவமைத்த இணையவழிப் பாடம் 2009 இல் தொடங்கியது. பின்னர் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்பட்டது. மனப்பாடத் தேர்வைவிட, ஒரு நிறுவனத்தின் கணினிப் பயன்பாட்டால் வெளியாகும் கரிமத்தை மதிப்பிட்டுக் குறைக்கும் வழியைத் திட்டமிடுவதே இவ்வகைப் பாடத்துக்குப் பொருத்தமான சோதனை.

அளவிடும் திறன்

தரவு மையங்களில் பெரிதும் வழங்கும் அளவு மின்பயன்பாட்டு விகிதம் ஆகும். கிரீன் கிரிட் என்னும் கூட்டமைப்பு 2007 இல் இதனைப் பரப்பியது. 2016 இல் ஐ.எஸ்.ஓ/ஐ.ஈ.சி 30134-2 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. மையம் முழுவதும் கொள்ளும் மின்சாரத்தைக் கணினிக் கருவிகள் மட்டும் கொள்ளும் மின்சாரத்தால் வகுத்தால் இவ்விகிதம் கிடைக்கும். மொத்தம் 1500 கிலோவாட், கருவிகளுக்கு 1000 கிலோவாட் எனில் விகிதம் 1.5. ஒன்றுக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு நன்று.

ஆனால் எண்ணை மட்டும் நம்புபவர் ஏமாறுவார். மேற்கண்ட மையத்தில் வேலையின்றிக் கிடந்த வழங்கிகளை நிறுத்தியதால் கருவிகளின் தேவை 800 கிலோவாட்டாகவும், குளிரூட்டல் முதலியவற்றின் தேவை 500 இலிருந்து 450 ஆகவும் குறைந்தன எனக் கொள்வோம். மொத்தச் செலவு 1250 கிலோவாட். 250 கிலோவாட் மிச்சம். விகிதமோ 1.56 ஆக உயர்ந்து, மையம் முன்னைவிடக் கெட்டுவிட்டதுபோல் காட்டும்! அளவையைப் படிப்பவருக்கும் அதன் பொருளை உணர்ந்தவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பயிற்சியின் தேவையும் இங்குதான் தெளிவாகிறது.

மென்பொருளுக்கான கரிமச் செறிவு அளவு 2024 இல் ஐ.எஸ்.ஓ/ஐ.ஈ.சி 21031 ஆக வெளியானது. இயக்கத்தின்போது வெளியாகும் கரிமத்துடன் கருவியின் உற்பத்தியின்போதே வெளியான கரிமத்தின் பங்கையும் இது சேர்த்துக் கணக்கிடுகிறது. ஆகவே நிரலாளரும் இனி இத்துறைக்குப் புறம்பானவர் அல்லர்.

இந்தியாவில் நிலை

பசுமைப் பணிகளுக்கான திறன் குழு இந்தியாவில் 2015 இல் நிறுவப்பட்டது. மின்கழிவு தொடர்பான தனி விதிகள் முதன்முதலில் 2011 இல் வந்தன. 2022 ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. கழிவைப் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்யும் தொழிலாளரைப் பதிவுசெய்து, அவர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கும் பொறுப்பு மாநில அரசுகளுக்கு உண்டு.

இது ஏட்டளவில் நிற்கக்கூடாத விதி. தில்லியின் சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களில் முறைசாராத் தொழிலாளர் செம்புக்காகக் கம்பிகளை எரிப்பதும், மின்சுற்று அட்டைகளை அமிலத்தில் அமிழ்த்துவதும் அறியப்பட்டவை. ஈயமும் நச்சுப்புகையும் முதலில் சேர்வது அவர்கள் உடலில்தான்.

விமர்சனங்கள்

சான்றிதழ்களிற் பெரும்பாலானவை மேலாளரையும் பொறியாளரையும் நோக்கி எழுதப்பட்டவை. கட்டணமும் ஆங்கில அறிவும் இன்றி அவற்றைப் பெற இயலாது. ஒரு கருவியைச் சிதையாமல் கழற்றி, மின்கலத்தைத் தனியே பிரித்து, மீண்டும் பயன்படும் உறுப்பை இனங்காணும் பட்டறைத் தொழிலாளியின் தேர்ச்சி இக்கட்டமைப்புகளின் கீழ்நிலைகளில்கூட அரிதாகவே பெயர் பெறுகிறது. பள்ளிப்படிப்பு இல்லாதவரின் பட்டறிவைச் செய்முறைத் தேர்வால் சோதித்துச் சான்றளிக்கும் 'முன்கற்றலை ஏற்றல்' என்னும் முறை இந்தியத் திறன் திட்டங்களில் உள்ளது. இத்தொழிலாளருக்குப் பொருந்தக்கூடிய வழி அதுவே.