கணவாய்க் காற்றும் கார் அழகும்

கேரளத்தின் பெருமாட்டிக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது ஊர். ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழித் திருவாதிரையை ஒட்டிக் கிழக்கிலிருந்தும் காற்று இந்த இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு புகுகிறது. வழி குறுகினால் காற்றுக்கு வேகம் கூடும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நிறுத்தியிருப்பது அதை நம்பித்தான்.

மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் காற்றோடுதான் மல்லுக்கட்டு. 2.1 கி.மீ. நீளமுள்ள பந்தயத் தடம் அது. நாடெங்கிலுமிருந்து பொறியியல் மாணவர்கள், தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு 'ஃபார்முலா பாரத்' போட்டிக்கு இங்கே வருகிறார்கள். தடத்துக்குப் பெயர் தந்தவர் கோவையின் எஸ். கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் செய்ய முடியும் என்று காட்டியவர். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். அந்த வகைக் கார்கள் ஓடிய ஃபார்முலா மாருதி பந்தயத்தில் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார்.

கார் கண்காட்சி எதுவானாலும் மாணவர் கூட்டம் மொய்ப்பது தரையோடு தரையாகப் படுத்திருக்கும் விநோத வடிவக் காரைச் சுற்றித்தான். முன்பக்கம், கதவு, சக்கரம் என்று செல்போன்கள் படமெடுத்துத் தள்ளும். ரசிக்கட்டும். ஆனால் அந்த வடிவங்களில் எது காற்றுக்காக வந்தது, எது கண்ணுக்காக வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ரசனை இரட்டிப்பாகும்.

லம்போர்கினி கவுன்டாச்சையே எடுத்துக்கொள்வோம். மார்செல்லோ கந்தினி வரைந்த அந்த ஆப்பு வடிவக் கார் 1971 ஜெனீவா கண்காட்சியில் பார்வைக்கு வந்தபோது உடல் வழவழவென்று இருந்தது. சாலையில் ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் சூடு தாங்கவில்லை. விற்பனைக்கு வந்த காரில் தோள்பட்டையில் பெட்டி போன்ற காற்றுவாய்கள் முளைத்தன. பக்கவாட்டில் முக்கோணப் பள்ளங்களும் வெட்டப்பட்டன. அந்தப் பள்ளங்கள் விமானத்துக்காக அமெரிக்க ஆய்வாளர்கள் 1940களில் உருவாக்கியவை. ரசிகர்கள் இன்று கவுன்டாச்சின் தனி அழகு என்று கொண்டாடுவது சூட்டைத் தணிக்கச் செய்த ஏற்பாட்டைத்தான். மேல்நோக்கித் திறக்கும் கதவுக்கும் காரணம் உண்டு. பின்னால் எதுவும் சரியாகத் தெரியாததால், ரிவர்ஸ் எடுக்கும்போது கதவைத் தூக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்க்கலாம்!

கத்திபோல் இருப்பதால் கவுன்டாச் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று தோன்றும். உண்மையில் அதன் காற்றுத்தடை எண் சுமார் 0.42. டாக்ஸியாக ஓடும் டொயோட்டா பிரியஸின் 2015 மாடலுக்கு அந்த எண் 0.24தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும், அதைச் சமாளிக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். அதனால்தான் வடிவமைப்பாளர்கள் இந்த எண்ணில் 0.01 குறைப்பதற்கே மாதக்கணக்கில் காற்றுச் சுரங்கத்தில் கிடக்கிறார்கள்.

காற்றை எதிரியாகப் பார்க்காதவர் ஃபார்முலா ஒன் கார் வடிவமைப்பாளர் கார்டன் மரே. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவர். காரின் அடியில் ஓடும் காற்றை வேகப்படுத்தினால் அங்கே அழுத்தம் குறையும், கார் சாலையோடு ஒட்டிக்கொள்ளும். இதற்காக பிரபாம் பிடி46பி காரின் பின்னால் ஒரு பெரிய விசிறியையே பொருத்தினார் மரே. 1978 ஸ்வீடன் பந்தயத்தில் நிக்கி லாடா அதை ஓட்டி வென்றார். எதிரணிகள் கொதித்தெழ, அந்த ஒரே பந்தயத்தோடு கார் விலக்கிக்கொள்ளப்பட்டது. மரே விடவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் உருவாக்கிய டி.50 காரின் முதுகில் 400 மி.மீ. விசிறி சுழல்கிறது.

செட்டிபாளையத்துக்கு வரும் மாணவர்களிடம் காற்றுச் சுரங்கமும் இல்லை, கோடிகளும் இல்லை. அவர்கள் கையில் இருப்பது ஒரு துளை. பெட்ரோல் கார் என்றால் எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. புதிய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு! எஞ்சின் 710 சிசி வரை இருக்கலாம். ஆனால் துளைக்குள் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அப்புறம் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு துளி கூடுதலாக வராது. ஆகவே துளைக்கு முன்னால் குழாயை எப்படிக் குறுக்குவது, பின்னால் எந்தக் கோணத்தில் விரிப்பது என்பதில்தான் மாணவரின் சாமர்த்தியம் இருக்கிறது. சட்டென்று விரித்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், திறன் வீணாகும். படிப்படியாக விரித்தால் குழாய் நீண்டு, காரில் இடம் போதாது. கணவாயில் இயற்கை காட்டும் வித்தையைக் கையளவுக் குழாயில் செய்துகாட்ட வேண்டும்.

தடத்தில் இறங்குமுன் காரை 60 பாகை சாய்த்து, எண்ணெயோ தண்ணீரோ ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். வடிவமைப்புக்கு மொத்தம் 1,000 புள்ளிகளில் 150. நடுவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்குவதில்லை. 'இந்த வளைவு ஏன், இந்தக் கோணம் ஏன்' என்று துருவுவார்கள். 'அழகாக இருந்தது' என்று பதில் சொன்னால் புள்ளி போச்சு. கடைசியில் சுமார் 22 கி.மீ. தாக்குப்பிடிக்கும் ஓட்டம். பாதியில் எஞ்சினை அணைத்து, ஓட்டுநரை மாற்றி, மறுபடி கிளப்ப வேண்டும். வருடக்கணக்கில் வரைந்து, வெல்டிங் செய்து, தூக்கம் கெட்டுக் கட்டிய கார்கள் பலவும் சூடேறிய எஞ்சினை மறுபடி உயிர்ப்பிக்க முடியாமல் நின்றுபோவது அந்த இடத்தில்தான். அணியினர் காரைத் தள்ளிக்கொண்டே, குளிர்விப்பானுக்குக் காற்று போதாமல் போனது எங்கே என்று அடுத்த ஆண்டுக்கான கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள்.