கடைச் சாவி யார் யாரிடம்?

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு கலவரம். நானும் என் ஓரகத்தியும் செம்பூரில் வீட்டிலேயே தேன்குழல், சாம்பார் பொடி, வத்தல் தயாரித்து விற்பது சங்க அன்பர்கள் பலருக்குத் தெரியும். 2020-இல் ஊரடங்கின்போது இணையத்திலும் ஒரு கடை திறந்தோம். அன்று காலை பார்த்தால், கிலோ 480 ரூபாய் என்றிருக்க வேண்டிய தேன்குழல் 48 ரூபாய் என்று நிற்கிறது! ராத்திரியோடு ராத்திரியாக 11 ஆர்டர்கள் வந்து, பணமும் கட்டியாகிவிட்டது.

"அக்கா, அந்தப் பையன் வேலைதான் இது" என்றாள் ஓரகத்தி. கடையை அமைத்துக் கொடுத்த பையனோடு பண விஷயத்தில் எங்களுக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு. அவன் அம்மாவோ சங்கக் கூட்டங்களில் என் பக்கத்தில் உட்காருபவர். கேட்டுவிடுவது என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். நல்ல வேளை, என் கணவர் தடுத்தார். "கடைச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பார். பிறகு பேசலாம்" என்றார்.

அந்தப் பட்டியலை எடுப்பது எப்படி என்று நம் சகோதரிகளுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் கடை வேர்டுபிரஸ்ஸும் அதோடு சேர்ந்த வூகாமர்ஸும் கொண்டு நடப்பது. இதில் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் 'ரோல்' என்று ஒரு பொறுப்பு உண்டு. முக்கியமானவை மூன்று. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி. எதையும் மாற்றலாம், ஆளைச் சேர்க்கலாம், நம்மையே வெளியே அனுப்பலாம். 'ஷாப் மேனேஜர்' கல்லாவில் உட்காருபவர். பொருள், விலை, ஆர்டர், கூப்பன் எல்லாம் அவர் கையில். ஆனால் புது மென்பொருள் எதையும் சேர்க்க முடியாது. 'கஸ்டமர்' தன் ஆர்டரை மட்டும் பார்க்கலாம். முதல் இரண்டு பேருக்கும் வாடிக்கையாளர்களின் விலாசமும் தொலைபேசி எண்ணும் தெரியும் என்பதை மறக்கக் கூடாது.

அட்மினிஸ்ட்ரேட்டராக உள்ளே போய், இடது பக்கத்தில் 'யூசர்ஸ்', அதில் 'ஆல் யூசர்ஸ்' என்பதை அழுத்துங்கள். வாடிக்கையாளர்களும் அதிலேயே இருப்பதால் பெயர்கள் ஏராளமாக வரும். பயப்பட வேண்டாம். மேலே ஒரு வரிசையில் ரோல்களின் பெயரும், பக்கத்தில் எத்தனை பேர் என்ற எண்ணும் இருக்கும். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதை அழுத்தினால் அவர்கள் மட்டும் நிற்பார்கள். அடுத்து 'ஷாப் மேனேஜர்' என்பதையும் அப்படியே பாருங்கள். மஜென்டோவில் கடை வைத்திருப்பவர்கள் 'சிஸ்டம்' என்பதில் 'பெர்மிஷன்ஸ்' பகுதியில் தேட வேண்டும்.

எங்களுக்கு இரண்டு பெயர் வரும் என்று நினைத்தேன். வந்ததோ ஆறு! நான், ஓரகத்தி, அந்தப் பையன், படம் எடுத்துக் கொடுத்த என் அக்கா மகன், இரண்டு மாதம் கணக்குப் பார்த்துவிட்டுப் புனேவுக்குப் போய்விட்ட பெண், ஆறாவதாக 'டெஸ்ட்' என்று யாரோ. அத்தனை பேரும் சொந்தக்காரர்கள்! போதாக்குறைக்கு என் பாஸ்வேர்டு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதில் பையனை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

விலையை யார் மாற்றினார்கள் என்பதை இந்தப் பட்டியல் சொல்லாது. யாரால் மாற்ற முடியும் என்பதை மட்டும் சொல்லும். அன்று சாயங்காலம் ஓரகத்தியின் மகள் அழுதுகொண்டே வந்தாள். "பெரியம்மா, அம்மா விலையை ஏத்தச் சொன்னாங்கன்னு உங்க பாஸ்வேர்டுல போய் நான்தான் மாத்தினேன். ஒரு சைபர் விட்டுப்போச்சு."

11 பேருக்கும் 48 ரூபாய்க்கே அனுப்பி வைத்தோம். பிறகு உட்கார்ந்து வீட்டைச் சுத்தம் செய்தோம். பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் குறியிட்டு, 'சேஞ்ச் ரோல் டு' என்ற இடத்தில் வேறு ரோலைக் கொடுத்தால் மாறிவிடும். வேலை முடிந்துபோனவர்களுக்கு 'நோ ரோல்' கொடுக்கலாம். கணக்கையே நீக்கினால், அவர் எழுதிய பக்கங்களை அழிப்பதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா என்று கேட்கும். மாற்றச் சொல்வதே நல்லது. இப்போது அட்மினிஸ்ட்ரேட்டர் நாங்கள் இருவர் மட்டுமே. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. மகளுக்கும் தனியாக ஷாப் மேனேஜர் கணக்கு. கடை குடியிருக்கும் ஹோஸ்டிங் கணக்கின் பாஸ்வேர்டு வேறு. அதையும் மறக்காமல் மாற்றினோம். இனி மூன்று மாதத்திற்கொரு முறை பட்டியலைப் பார்த்துக் கணக்கு நோட்டில் எழுதி வைப்பதாக ஏற்பாடு.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பையனின் அம்மா வழக்கம்போல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தீபாவளி வியாபாரம் எப்படி?" என்று கேட்டார். "நன்றாக நடந்தது மாமி" என்றேன். போனைக் கையில் எடுத்ததை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.