சிறுதேரும் சிறு டாங்கியும்

குழவிப் பருவத்து விளையாட்டுக்களுள் சிறுதேர் உருட்டல் மிகத் தொன்மையானது. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் நூல்கள் வகுக்கும் பத்துப் பருவங்களுள் இறுதியாக நிற்பது சிறுதேர்ப் பருவமே என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். முதியோர் போர்க்களத்திற் செலுத்திய தேரைச் சிறுவர் தெருவிலே சிறிதாக்கி இழுத்து மகிழ்ந்தனர். காலம் மாறிற்று, தேரும் மாறிற்று. 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் போரில் ஆங்கிலேயர் முதன்முதலாக டாங்கிகளைக் களத்திற் செலுத்தினர். அந்நாள் தொட்டு, பண்டைப் படைகளில் தேரும் யானையும் பெற்றிருந்த இடத்தை டாங்கி பெறலாயிற்று. பெரியது மாறியவழிச் சிறியதும் மாறுதல் இயல்பன்றோ? சிறுதேரை இழுக்கக் கயிறு வேண்டும். இக்காலச் சிறு டாங்கிக்கோ கண்ணுக்குப் புலனாகாத வானொலி அலையே கயிறாகின்றது.

அத்தகைய சிறு டாங்கியொன்றைச் சென்ற பருவத்தின் மாலைப் பொழுதுகளில் யாமும் எம் விடுதி நண்பர் இருவரும் கூடி அமைத்தோம். நண்பருள் ஒருவர் பௌதிகம் பயில்பவர். மற்றவர் வரலாறு பயில்பவர். யாமோ தமிழன்றிப் பிறிது அறியாதவர். அதன் அமைப்பையும், அமைக்குங்கால் யாம் கற்றவற்றையும், பட்ட இடரையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வானொலியாற் பொறியை ஏவும் கலை நேற்றுப் பிறந்ததன்று. 1898இல் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர், நியூயார்க் மாநகரின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் மண்டபத்தில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகொன்றைத் தொலைவில் நின்றே இயக்கிக் காட்டினார். 1939-40இல் பின்லாந்தின்மேற் படையெடுத்த சோவியத்து நாட்டினர், உள்ளே ஆளின்றி வானொலியால் ஏவப்படும் மெய்யான டாங்கிகளையே களத்தில் விடுத்தனர். வேறொரு டாங்கியில் அமர்ந்தோர் அவற்றை இயக்கினர். விளையாட்டுப் பொருளாக டாங்கியைப் பரப்பிய பெருமை ஜப்பான் நாட்டு ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனத்திற்கு உரியது. அந்நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ‘பாந்தர்’ டாங்கியின் சிற்றுருவை வெளியிட்டபோது, உள்ளே பாட்டரிகள் அடங்கும் அளவினதாக அதனை வகுத்தது. அளந்து பார்த்தபோது அது மூலத்தின் 35இல் ஒரு பங்காக இருந்தது. இன்று உலகெங்கும் டாங்கிச் சிற்றுருக்களுக்கு வழங்கும் 1/35 என்னும் அளவு இவ்வாறு பாட்டரியினாற் பிறந்ததாகும். வானொலியால் இயங்குவனவற்றிற்கோ 16இல் ஒரு பங்கே பெருவழக்கு.

யாம் தெரிந்துகொண்டது ‘டைகர்’ எனப்படும் செருமானிய டாங்கி. 1942 முதல் 1944 வரை ஏறத்தாழ 1,350 டைகர்களே கட்டப்பட்டன. மெய்யான டைகரின் உடல் நீளம் 6.3 மீட்டர், உயரம் 3 மீட்டர், எடை 57 டன். 16ஆல் வகுப்பின் எம் சிற்றுருவின் நீளம் 39 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவும், உயரம் 19 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். எடையையும் 16ஆல் வகுக்கலாம் என்று யாம் கருதினேம். பௌதிக நண்பர் நகைத்தார். நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றும் 16இல் ஒரு பங்காகச் சுருங்கவே, பருமனும் அதனோடு எடையும் 16 x 16 x 16, அஃதாவது 4,096இல் ஒரு பங்காகும். அவ்வாறு கணக்கிடின் சிற்றுரு ஏறத்தாழ 14 கிலோ இருத்தல் வேண்டும். பிளாஸ்டிக்கால் ஆகிய எம் டாங்கியோ அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. சிற்றுரு டாங்கிகள் பல, மெய்யானதைப் போல் அசைந்தாடிச் செல்லாது, வெருண்ட எலிபோல் துள்ளி ஓடுதற்குக் காரணம் இவ்வெடைக் குறைவே. வேகத்திற்கும் கணக்கு உண்டு. டைகர் பெருவழியில் மணிக்கு 38 கிலோமீட்டர் அளவிற் செல்லும். அதனை 16ஆல் வகுப்பின், எம் டாங்கி ஒரு நொடியில் 66 சென்டிமீட்டர் சென்றாற் போதும். இது நாம் மெல்ல நடக்கும் நடையினும் குறைவு. விரைந்து ஓடுவது நல்ல சிற்றுரு அன்று. அளவொடு ஊர்வதே நல்லது.

இனி, இயக்கத்தைக் காண்போம். காருக்கு முன்சக்கரங்களைத் திருப்பி வழிகாட்டுகின்றோம். டாங்கிக்குத் திரும்பும் சக்கரம் இல்லை. இருபுறமும் உள்ள சங்கிலிப் பட்டைகளின் வேக வேற்றுமையே அதனைத் திருப்புகின்றது. சிற்றுருவில் ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி மோட்டார் உண்டு. இரண்டும் ஒத்து ஓடின் வண்டி நேரே செல்லும். இடப்புற மோட்டார் தளரின் இடப்புறம் வளையும். ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் ஓடின் நின்ற இடத்திலேயே சுழலும். மோட்டார் மிக விரைவாகவும் வலிவின்றியும் சுழல்வது. பட்டைக்கு வேண்டுவதோ மெதுவும் வலிவும். ஆகவே இடையே பற்சக்கரப் பெட்டி அமைந்து, வேகத்தைக் குறைத்து வலிவைக் கூட்டுகின்றது. டைகரில் முன்புறத்துப் பற்சக்கரமே பட்டையை இழுப்பது. பின்புறச் சக்கரம் பட்டையின் விறைப்பைக் காப்பது. பட்டை மிகத் தளரின் கழன்றுவிடும். மிக இறுகின் மோட்டாரின் ஆற்றல் உராய்விலேயே அழியும்.

கையிலுள்ள அனுப்பு கருவி 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைகளில் ஆணைகளை விடுக்கின்றது. முற்காலத்து 27 மெகா ஹெர்ட்ஸ் கருவிகளில், ஒரே அலைவரிசையை இருவர் பயன்படுத்தின் ஒருவர் வண்டி மற்றொருவர் ஏவலுக்கு ஆடும். இக்காலக் கருவிகள் தத்தம் அடையாளக் குறியால் பிணைக்கப்பட்டிருத்தலின் அக்குழப்பம் பெரிதும் நீங்கிற்று. டாங்கியினுள் இருக்கும் ஏற்பு கருவி, ஆணையை மின்துடிப்பாக மாற்றுகின்றது. பொதுவாக வழங்கும் முறையில் துடிப்பு நொடிக்கு 50 முறை வரும். அத்துடிப்பின் நீளம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்காயின் ‘நில்’ என்பது பொருள். இரு பங்கை நோக்கி நீளின் ஒரு திசைக்கும், ஒரு பங்கை நோக்கிக் குறுகின் மறு திசைக்கும் ஏவலாகும். குறில் நெடில் அறிந்த எமக்கு இது எளிதில் விளங்கிற்று. மாத்திரை வேறுபடப் பொருள் வேறுபடுதல் மொழிக்கு மட்டும் உரியதன்று போலும்! இன்னுமொன்று: மோட்டாரினுள் எழும் சிறு தீப்பொறிகள் வானொலி ஏவலைக் கெடுக்கும். அதன் இரு முனைகளுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியொன்றை ஈயத்தாற் பற்றவைத்தல் அதற்கு மருந்து.

மின்னாற்றலுக்கு 7.4 வோல்ட் லித்தியம் பாட்டரி கொண்டோம். அதன் இரு கலங்களுள் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறலாகாது. 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவுமாகாது. மின்னேற்றுங்கால் அருகிருந்து காத்தல் வேண்டும். இரவில் ஏற்றிவிட்டு உறங்குதல் தீயை அழைத்து வைத்தலாகும்.

அமைத்தல் ஒருபாதி, அணிசெய்தல் மறுபாதி. இதில் வரலாற்று நண்பர் எம்மை நடத்தினார். “எந்த டைகர்? எந்த ஆண்டு? எந்தக் களம்?” என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கூறாமல் தூரிகையைத் தொடலாகாது என்றார். சான்றாக, காந்தக் கண்ணிவெடி ஒட்டாதபடி செருமானியர் டாங்கிகளின்மேல் ‘சிம்மெரிட்’ என்னும் வரிவரியான சாந்து பூசினர். அது 1943 இறுதி முதல் 1944 செப்டம்பர் வரையே வழங்கிற்று. ஆதலின் 1943 தொடக்கத்து டைகருக்கு அச்சாந்து பூசுதல் வழு. யாம் தெரிந்தது 1943 ஏப்ரலில் தூனிசியாவிற் பிடிபட்ட, 131 என்னும் எண்ணுடைய டைகர். ஆகவே சாந்து பூசவில்லை. அரத்தாற் பிசிறு நீக்கி, இடுக்குகளிற் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, முதற்பூச்சிட்டு, அதன்மேல் வர்ணத்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசினோம். பின்னர் நீர்த்த பழுப்பு வர்ணத்தைப் பூசித் துடைத்தோம். இடுக்குகளில் அது தங்கி அழுக்குப்போல் நின்றது. புகைபோக்கியில் துருவும், பட்டைகளிற் புழுதியும் தோற்றுவித்தோம். புதியதைப் பழையதாக்க இத்துணை உழைப்பு வேண்டுமென்று யாம் முன்னர் அறியோம்.

எம் இடர் இனி வருவது. கல்லூரிக் கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கையில், எடை கூட்டவேண்டும் என்னும் ஆவலால், பிளாஸ்டிக் பட்டைகளை நீக்கி உலோகப் பட்டைகளைப் பூட்டினோம். அவற்றை வாங்க மூவரும் தம் சிற்றுண்டிச் செலவைச் சுருக்கிப் பொருள் சேர்த்திருந்தோம். பற்சக்கரப் பெட்டியையும் உலோகத்ததாக மாற்றிய பின்னரே பட்டையை மாற்றவேண்டும் என்று பௌதிக நண்பர் கூறியிருந்தார். அதற்குரிய பணம் அடுத்த திங்களில்தான் கிடைக்கும். அவர் ஊருக்குச் சென்றிருந்த நாளில், பொறுக்கலாற்றாது யாமே பட்டைகளைப் பூட்டி முடுக்கினேம். விடுதி முற்றத்தில் இரு சுற்று அழகாக ஊர்ந்தது. மூன்றாம் சுற்றில் கடகடவென்று ஓர் ஒலி எழுந்தது. வலப்புறப் பட்டை நின்றது. வண்டி ஒரே இடத்தில் வட்டமிட்டது. திறந்து நோக்கின் பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பற்கள் உதிர்ந்து கிடந்தன. நண்பர் திரும்பி வந்து கண்டு, ஒரு கடுஞ்சொல்லும் கூறாது, “இனி இரண்டையும் ஒருங்கே மாற்றுவோம்” என்று மட்டும் கூறித் திருப்புளியை எடுத்து அமர்ந்தார். அவர் சினந்திருப்பின் எமக்கு அத்துணை நாணம் தோன்றியிராது. மூத்த மாணவர் ஒருவர் கடனாகத் தந்த பணத்தால் உலோகப் பெட்டி வந்தது. கண்காட்சிக்கு முந்திய நள்ளிரவில் டாங்கி மீண்டும் ஊர்ந்தது. ஓருறுப்பை வலிதாக்குவோன் அதனைத் தாங்கும் உறுப்பையும் உடன் வலிதாக்கல் வேண்டும் என்பதே யாம் கற்ற பாடம்.

மெய்யான 131இன் கதையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. 57 டன் எடையும், 100 மில்லிமீட்டர் முகப்புக் கவசமும் உடைய அது வீழ்ந்தது பெருவெடியால் அன்று. ஆங்கிலேயரின் ‘சர்ச்சில்’ டாங்கியொன்றன் குண்டு, சுழல்கோபுரம் உடலோடு பொருந்தும் வளையத்திற் சிக்கிற்று. கோபுரம் திரும்ப இயலாதுபோகவே உள்ளிருந்தோர் வண்டியை விட்டு நீங்கினர். அவ்வண்டி இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கிக் காட்சிசாலையில் இயங்கும் நிலையிற் பேணப்படுகின்றது. அதே தூனிசியப் போரில் இந்தியாவின் 4ஆம் டிவிஷனைச் சார்ந்த வீரரும் பொருதனர் என்பதை நாம் மறத்தற்கில்லை.

கண்காட்சி நாளில் எம் டாங்கியைச் சூழச் சிறுவர் திரண்டனர். கோபுரம் சுழன்றபோது ஆரவாரித்தனர். அவருள் ஒரு சிறுமி மட்டும் குனிந்து, திறந்திருந்த மூடியின் வழியே உள்ளே நோக்கி, “உள்ளே யாருமில்லையா, அண்ணா?” என்று வினவினாள். “இல்லையம்மா” என்றோம். “நிசமான வண்டியில்?” என்றாள். “ஐவர் இருப்பர்: தலைவர், சுடுவோர், குண்டு நிரப்புவோர், ஓட்டுவோர், வானொலி காப்போர்” என்று கூறினோம். “அவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா?” என்றாள் அவள்.

131இன் ஐவர் வெளியேறினர் என்று யாம் விடை கூறினோம். பிற டைகர்களில் இருந்தோரைப் பற்றியும், அவற்றின் எதிர்நின்றோரைப் பற்றியும் அவள் வினவவில்லை, யாமும் கூறவில்லை. எனினும் அன்று முதல் அவ்வண்டியை முடுக்கும்போதெல்லாம் அவ்வினா எம் நெஞ்சில் எழுகின்றது. அளவு, நிறம், ஒலி, வேகம் என யாவற்றையும் மூலத்தோடு ஒக்கச் செய்ய முயன்ற யாம், அதன் உள்ளிருந்தோரை ஒருபோதும் எண்ணிப் பார்த்திலேம். சிறுதேர் இழுத்த குழவியும் தேர்ப்போரை அறியாது. அஃது அதற்கு அழகு. கல்லூரி மாணவராகிய நமக்கோ அறியாமை அழகன்று. பொறியின் நுட்பத்தைக் கற்போம். கையாற் செய்து மகிழ்வோம். பெரிய டாங்கிகள் காட்சிசாலைகளில் மட்டும் நிற்கும் நாளையும் விரும்புவோம். எம் சிறு டாங்கி இப்பொழுது விடுதியில் எம் அறையின் அலமாரிமேல் நிற்கின்றது. அடுத்த ஆண்டில் இக்கலை பயில விரும்பும் மாணவர் வந்து கேட்பின், திருப்புளியும் உப்புத்தாளும் தந்து உதவ யாம் மூவரும் காத்திருக்கின்றோம்.