நுண்ணோக்கியை ஏமாற்றிய குரங்கு மலேரியா

போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள காட்டுப் பகுதி கப்பிட். அங்கே காய்ச்சலோடு வந்த பலரின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து, ‘பிளாஸ்மோடியம் மலேரியே’ என்று முடிவு எழுதிவந்தார்கள். மலேரியா ஒட்டுண்ணிகளில் இது சாதுவான இனம். ரத்தத்தில் குறைவாகவே இருக்கும். ஆனால், கப்பிட் நோயாளிகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணிகள் மண்டிக்கிடந்தன.

சந்தேகம் கொண்ட மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங் குழுவினர், ரத்தத் துளிகளை வடிதாளில் உலர்த்தி மரபணுவைக் கொண்டு இனம் காணும் பி.சி.ஆர். சோதனைக்கு உட்படுத்தினார்கள். 2004-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. மலேரியா கண்ட 208 பேரில் 120 பேருக்கு இருந்தது, மகாக் குரங்குகளிடம் வாழும் ‘நோலெசி’ ஒட்டுண்ணி. ‘மலேரியே’ ஒருவருக்குக்கூட இல்லை!

வளர்ந்த நிலையில் இரண்டும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். குணம்தான் வேறு. மலேரியே பெருக 72 மணி நேரம் ஆகும். நோலெசிக்கு 24 மணி நேரமே போதும். சிகிச்சை தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

மற்ற இனங்களிலும் அடையாளம் முக்கியம். வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்தும் காய்ச்சலைக் கிளப்பும்; அதை ஒழிக்க பிரைமாகுவின் போன்ற மருந்து தனியாகத் தேவை. ஃபால்சிபாரத்துக்கு அப்படிப் பதுங்கும் பழக்கம் கிடையாது.

இனத்தைத் துல்லியமாகச் சொல்லும் பி.சி.ஆர். ஏன் கிராமத்துக்கு வருவதில்லை? மாதிரியை சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கி, குளிர்வித்து, மீண்டும் சூடாக்கி, இப்படி 30 சுற்றுகளுக்கு மேல் ஓட்டும் இயந்திரம் வேண்டும். விலை அதிகம், பயிற்சி பெற்ற ஆளும் தடையில்லா மின்சாரமும் தேவை.

2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய ‘லேம்ப்’ முறை இந்தச் சுற்றையே நீக்கிவிட்டது. இதில் பயன்படும் நொதி, டி.என்.ஏ.வின் இரட்டை இழையைத் தானே விலக்கிக்கொண்டு நகலெடுக்கும். ஆகவே, சுமார் 65 டிகிரியில் நிலையாக வைத்திருக்கும் எளிய சூடேற்றி போதும். ஒரு மணி நேரத்துக்குள் குழாயில் கலங்கலோ ஒளிர்வோ தெரிந்தால், தேடிய மரபணு இருக்கிறது என்று பொருள்.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு இனத்துக்கும் பொதுவாகத் தனிக் குழாய் வேண்டும். கைமாறிச் சேரும் துளி மாசுகூடப் பொய் முடிவைத் தரும். ஆயினும் இதன் தேவை குறையவில்லை. 2018-இல் மலேசியாவில் மனித மலேரியாவின் உள்நாட்டுப் பரவல் பூஜ்யமான பிறகும், நோலெசி ஓயவில்லை. எஞ்சியிருக்கும் எதிரியைப் பெயர் சொல்லிப் பிடிக்கும் சோதனை, காட்டோரச் சுகாதார நிலையத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தாக வேண்டும்.