பழைய ராணுவ லாரிக்கு ஒரு ‘மெயின் சுவிட்ச்’: ஏன், எங்கே, எப்படி?

ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்கள். வீட்டைப் பூட்டுவதற்கு முன்பு என்ன செய்வீர்கள்? கேஸ் சிலிண்டரை மூடுவீர்கள், மெயின் சுவிட்சை ‘ஆஃப்’ செய்வீர்கள். சரி, கொட்டகையில் மாதக்கணக்கில் சும்மா நிற்கும் லாரிக்கு?

பெரும்பாலும் சாவியை எடுத்துவிட்டு வந்துவிடுவோம். ஆனால், சாவியை எடுத்தாலும் பேட்டரியின் தொடர்பு அறுந்துவிடாது. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை போகும் தடித்த கேபிளில் 24 மணி நேரமும் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதை ஒரே திருப்பில் துண்டிப்பதுதான் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச். சுருக்கமாகச் சொன்னால், வண்டிக்கான மெயின் சுவிட்ச்.

எந்த லாரி?

இந்தியாவில் ராணுவ லாரி என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது ‘சக்திமான்’. ஜெர்மனியின் மான் நிறுவன வடிவமைப்பில், 1959-ல் ஜபல்பூரில் தயாராகத் தொடங்கிய டீசல் லாரி அது. 1990-களின் நடுப்பகுதி வரை உற்பத்தியானது. பிறகு அசோக் லேலண்டின் ‘ஸ்டாலியன்’ அந்த இடத்தைப் பிடித்தது. ராணுவம் கழித்துக்கட்டும் வண்டிகள் ஏலத்துக்கு வருகின்றன. அவற்றை வாங்கிச் சீரமைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்படி வாங்கிய வண்டி தினமும் ஓடாது. மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்தாலே அதிகம். அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

ஓடாத வண்டிக்கு பேட்டரி ஏன் இறங்குகிறது?

இரண்டு காரணங்கள். ஒன்று, பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை இழக்கும். வெயில் கூடக் கூட இந்த இழப்பும் கூடும். இதை எந்தச் சுவிட்சாலும் தடுக்க முடியாது.

இன்னொன்று, கசிவு. பழைய வண்டியில் நாம் புதிதாக மாட்டிய ஜி.பி.எஸ்., ஆடியோ, கூடுதல் விளக்கு எல்லாம் துளித்துளியாக உறிஞ்சும். ஒரு கணக்குப் பாருங்கள். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 50 மில்லி ஆம்பியர் கசிந்தால், 2,000 மணி நேரத்தில், அதாவது சுமார் 83 நாட்களில் முழுதும் காலி. ஆனால், காலியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுமார் 40 நாட்களில் பாதி இறங்கும்போதே பெரிய டீசல் இன்ஜின் முக்கும், முனகும், கிளம்பாது. ‘போன மாசம் நல்லாத்தானே ஓடுச்சு!’ என்று தலையைச் சொறிவோம். இறங்கிய நிலையிலேயே பேட்டரி கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டு, அப்புறம் சார்ஜும் ஏறாது.

இப்போது ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரைக்காலுக்குத் தெற்கே, ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கும் நெரவி, வங்கக் கடலை ஒட்டிய ஊர். உப்புக்காற்றும் ஈரமும் டெர்மினல்களில் பச்சை, வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பேட்டரியின் மேல்பக்கம் படியும் ஈர அழுக்கே மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். இந்தக் கசிவுக்கும் சுவிட்ச் மருந்தல்ல, துணியால் துடைப்பதுதான் மருந்து.

ஃபியூஸ் இருக்கே, அப்புறம் எதுக்கு?

இதுதான் முக்கியமான கேள்வி. விளக்கு, ஹாரனுக்கெல்லாம் ஃபியூஸ் உண்டு. ஆனால், பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கேபிளுக்குப் பெரும்பாலான பழைய வண்டிகளில் ஃபியூஸே கிடையாது. இன்ஜினைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் தேவை என்பதால் அப்படி விட்டுவிடுகிறார்கள்.

40 வயதான ரப்பர் உறை வெடித்து, அந்த கேபிள் சேஸிஸில் உரசினால்? தடுக்க ஆளில்லை. கம்பி பழுக்கும், உறை எரியும், பக்கத்தில் இருக்கும் டீசல் பைப்பும் சும்மா இருக்காது. வண்டியில் யாரும் இல்லாத நடு ராத்திரியிலும் இது நடக்கலாம். பேட்டரி இறங்கினால் நஷ்டம் சில ஆயிரம். தீப்பிடித்தால் கொட்டகையே போய்விடும்.

அதனால்தான் கார் பந்தயங்களில் இந்தச் சுவிட்ச் கட்டாயம். நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் குறியைப் பார்த்திருப்பீர்களே, அது இருக்கும் இடத்தைக் காட்டத்தான். சோவியத் கால ‘உரால்’ ராணுவ லாரிகளில் தொழிற்சாலையிலேயே இதை மாட்டி அனுப்பினார்கள்.

எந்தப் பக்கம் மாட்டுவது?

ராணுவ லாரிகள் பலவற்றில் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். இரண்டு சுவிட்ச் தேவையில்லை, ஒன்றே போதும். சேஸிஸுக்குப் போகும் எர்த் கேபிளில் அதை மாட்டுவதுதான் வழக்கம். காரணம் எளிது: எர்த் பக்க கேபிள் சேஸிஸில் உரசினாலும் தீப்பொறி பறக்காது.

பெரும்பாலான வண்டிகளில் எர்த் என்றால் நெகட்டிவ். மிகப் பழைய சில பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். எனவே, கறுப்பு ஒயர், சிவப்பு ஒயர் என்று நிறத்தை நம்பாதீர்கள். சேஸிஸில் போல்ட் போட்டிருப்பது எந்த டெர்மினல் என்று கண்ணால் பாருங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. யாரோ எப்போதோ ஜி.பி.எஸ்.ஸுக்காக ஒரு மெல்லிய எர்த் ஒயரை நேரடியாக பேட்டரி டெர்மினலில் சொருகியிருப்பார்கள். அதை விட்டுவிட்டால், சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது யாராவது செல்ஃப் அடித்தால் மொத்த மின்சாரமும் அந்த நூல் ஒயர் வழியே பாயப் பார்க்கும். ஒயர் உருகிவிடும். எல்லா எர்த் ஒயர்களும் சுவிட்சுக்கு அந்தப் பக்கம், அதாவது சேஸிஸ் பக்கம்தான் இருக்க வேண்டும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும், சில விநாடிகளுக்கு எத்தனை தாங்கும் என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். இரண்டாவது எண், உங்கள் செல்ஃப் மோட்டார் இழுப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். மட்டமான சுவிட்ச் சூடாகும். 500 ஆம்பியர் பாயும்போது சுவிட்சில் 0.2 வோல்ட் இழந்தால்கூட அது 100 வாட் வெப்பம். தண்ணீர் புகாத மூடி இருந்தால், கடலோரத்துக்கு நல்லது.

மாட்டும் வரிசை

1. மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வையுங்கள்.
2. முதலில் எர்த் டெர்மினலைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியே ஷார்ட்.
3. சுவிட்சை பேட்டரிக்கு அருகில், ஆனால் பேட்டரிப் பெட்டிக்கு வெளியே பொருத்துங்கள். சார்ஜ் ஆகும்போது பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பற்றும். சுவிட்சோ பொறி விடும்.
4. பழைய எர்த் கேபிளின் அதே தடிமனில் புது கேபிள் போடுங்கள். முனைகளில் லக்கை கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது ஆகாது.
5. போல்ட்டுகளை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். உப்பு அண்டாது.
6. சுவிட்சை ஆஃபில் வைத்து, எர்த்தைக் கடைசியாக மாட்டுங்கள். இப்போது ஹாரன் அடித்துப் பாருங்கள். சத்தம் வந்தால், எங்கோ ஒரு ஒயர் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு போகிறது.

கைப்பழக்கம் இல்லையென்றால், ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஆனால், பக்கத்தில் நின்று இந்த ஆறையும் சரிபாருங்கள்.

செய்யவே கூடாதது

இன்ஜின் ஓடும்போது சுவிட்சை அணைக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் தயாரிக்கும் மின்சாரத்தை வாங்க பேட்டரி இல்லாமல் போக, மின்னழுத்தம் சட்டென்று எகிறும். டயோடு, ரெகுலேட்டர், ஜி.பி.எஸ். எதுவும் போகலாம். அதோடு, பழைய டீசல் இன்ஜின் இதனால் நிற்கவும் நிற்காது. ஸ்டாப் கேபிளை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். முதலில் இன்ஜின், பிறகு சுவிட்ச். இதுதான் வரிசை. தீ, புகை என்றால் மட்டும் இந்த விதியைப் பார்க்காதீர்கள்; ஆல்டர்னேட்டரைவிட உயிர் பெரிது.

அதேபோல், 24 வோல்ட் வண்டியில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ரேடியோவுக்குக் கொடுக்காதீர்கள். ஒன்று இறங்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். அதற்கென்று கன்வெர்ட்டர் இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, டெல்டாவின் பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆனது. சாலையெல்லாம் மரங்கள். அப்படியொரு காலையில், நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள ஒரு கிழட்டு லாரி கிளம்பினால், அது ஊருக்கே உதவும். சார்ஜ் போட கரண்ட் இல்லாத நாளில் பேட்டரி இறங்கிக் கிடந்தால், அது வெறும் இரும்பு.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாட்டிவிடுங்கள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது ஒரு திருப்பு. அவ்வளவுதான்.