மெய்ப்பொருள் யாது? மணிமேகலை கேட்ட பாடம்

கல்லூரிகளில் தத்துவம் பயிலப் புகும் மாணவர்க்கு முதற்கண் கற்பிக்கப்பெறும் பகுதிகளுள் ஒன்று மெய்ப்பொருளியல் என்பதாகும். உள்ளது யாது, இல்லது யாது, காண்பது யாது, காண்பதும் உள்ளதும் ஒன்றா வேறா என்னும் வினாக்களை எழுப்பி, அவற்றிற்கு முன்னோர் கூறிய விடைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்வது அப்பாடத்தின் முறையாம். கேட்ட அளவில் இவை வேலையற்றோர் வினாக்கள் போலத் தோன்றும். சிந்திப்பார்க்கு அவ்வாறு தோன்றா. நேற்று வரை நம்மோடு உண்டு உரையாடிய ஒருவர் இன்று மறைந்தார் எனில், "இருந்தது யாது? போனது யாது? எங்குப் போயிற்று?" என்று எழுத்தறியாத மூதாட்டியும் வினவுகின்றாள். அம்மூதாட்டியின் வினாவே கல்லூரியிற் பாடமாகின்றது. திருக்கோயிலுக்கு வருவார் பலர் நெஞ்சிலும் இவ்வினா உண்டாதலின், அப்பாடத்தின் சுருக்கத்தை ஈண்டு எளிய முறையில் எடுத்துரைப்பாம்.

மேலை நாட்டார் விடைகள்

மேலை நாட்டார் இத்துறைக்கு 'மெட்டாபிசிக்ஸ்' என்று பெயரிட்டனர். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) எழுதியவற்றைப் பிற்காலத்தார் தொகுத்தபோது, இயற்கைப் பொருள்களைப் பற்றிய நூலுக்குப் பின்னர் வைக்கப்பட்டமையின், 'பௌதிகத்திற்குப் பின்னது' என்னும் பொருளில் அப்பெயர் வழங்கலாயிற்று என்பர். அந்நூல் 14 பிரிவுகளை உடையது. வைக்கப்பட்ட இடத்தால் வந்த பெயர், நாளடைவில் துறைக்கே உரிய பெயராயிற்று.

அரிஸ்டாட்டிலுக்கு முன்னரே கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தேல்ஸ் என்பார், எல்லாவற்றிற்கும் மூலம் நீரே என்றார். அவருக்குப் பின்வந்த டெமாக்ரிட்டஸ், பிளக்கலாகா அணுக்களும் வெளியுமே உள்ளன; பிற எல்லாம் அவற்றின் கூட்டமே என்றார். பிளேட்டோ இதற்கு மாறாக, கண்ணாற் காண்பன மாறுவன. மாறாத முதல்வடிவங்கள் அறிவினால் மட்டுமே உணரப்படுவன. அவையே மெய் என்றார். ஒரு குகையில் கட்டுண்டு கிடப்போர் சுவரில் வீழும் நிழல்களையே பொருள் என மயங்குவதுபோல நாமும் மயங்குகின்றோம் என்பது அவர் காட்டிய உவமை.

பிளேட்டோவின் மாணாக்கரான அரிஸ்டாட்டில் நடுவழி ஒன்றைக் கண்டார். வடிவம் வேறோர் உலகில் இல்லை. பொருளிலேயே உள்ளது என்றார். ஒன்று உண்டாதற்கு நான்கு காரணங்கள் வேண்டும் என்பது அவர் கொள்கை. சந்நிதியில் எரியும் குத்துவிளக்கைக் கொண்டு இதனை அறியலாம். பித்தளை அதன் மூலப்பொருள். தண்டும் அகலும் முகங்களும் அமைந்த உருவம் அதன் வடிவம். வார்த்தெடுத்த கம்மியர் அதனை இயற்றியவர். ஒளி தருதல் அதன் பயன். இந்நான்கனுள் ஒன்று குறையினும் விளக்கு என்பதொன்று இல்லை.

இந்நான்கு காரணங்களைக் கொண்டு ஒரு பழம்புதிரை ஆராய்வாம். தீசியஸ் என்னும் வீரனது கப்பலில் பழுதுற்ற பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி, இறுதியில் பழைய பலகை ஒன்றும் எஞ்சாத நிலை வரின், அது அதே கப்பலா, வேறு கப்பலா என்று கிரேக்கர் வாதிட்டனர். நம் ஊர்த் தேரையும் அவ்வாறே வினவலாம். ஒரு திருப்பணியில் சக்கரம் மாறும். மற்றொன்றில் அச்சு மாறும். பின்னொன்றில் பதுமைகள் மாறும். எனினும் பாட்டனார் வடம்பிடித்த தேரையே நாமும் பிடிக்கின்றோம் என்கின்றோம். மூலப்பொருளை நோக்கின் அக்கூற்றுப் பிழை. வடிவையும் பயனையும் நோக்கின் அக்கூற்றே சரி. ஆகவே, 'ஒன்று' என்னும் சொல்லை எப்பொருளில் ஆள்கின்றோம் என்பதைத் தெளிந்த பின்னரே விடை கூறுதல் வேண்டும். மெய்ப்பொருளியல் பயிற்றும் முதல் ஒழுக்கம் இதுவேயாம்.

பிற்காலத்தில் பிரான்சு நாட்டு டேக்கார்ட், 1641இல் வெளிவந்த தம் நூலில், கனவிலும் நனவிற் போலவே காண்கின்றோமாதலின் ஐயுறத்தக்க எல்லாவற்றையும் ஐயுறுவோம் என்று தொடங்கி, ஐயுறுகின்ற தாம் ஒருவர் உளர் என்பது மட்டும் ஐயுறலாகாது என்று தெளிந்தார். அயர்லாந்து நாட்டுப் பெர்க்லி 1710இல், உணர்வார்க்கு அயலாகப் பொருள் என்பதொன்று இல்லை என்றார். செருமானிய நாட்டுக் கான்ட் 1781இல், நமக்குத் தோன்றுமாறு பொருளை அறிகின்றோமேயன்றி, அது தன்னில் உள்ளவாறு அறிகிலோம் என்றார்.

வஞ்சியில் நடந்த பாடம்

இவற்றையெல்லாம் கேட்கும் மாணவர், இவை கடல் கடந்து வந்த புதுமை எனக் கருதுதல் கூடாது. இவற்றை ஒத்த வினாக்களும் விடைகளும் நிரல்பட அமைந்த பகுதி ஒன்று தமிழிலேயே உண்டு. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 30 காதைகளுள் 27ஆவதாகிய 'சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை'யே அது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898இல் இக்காப்பியத்தைப் பதிப்பித்து உதவினார். இது பௌத்த காப்பியம் எனினும், பிற சமயத்தார் கொள்கைகளை அவரவர் வாயாலேயே கூறுவிக்கும் பெருமை உடையது.

மணிமேகலை வஞ்சி நகரை அடைந்து, கண்ணகியும் கோவலனும் படிமமாய் நின்ற கோட்டத்தில் வணங்கி, அதன்பின் முதிய தவமுனிவன் ஒருவனது வடிவம் கொண்டு, அங்கிருந்த சமய ஆசிரியர் பதின்மரை அடுத்தடுத்து அணுகி, "நும் பொருள் யாது?" என வினவுகின்றாள். இறந்த தந்தையின் திருவுரு முன் நின்றவள் எழுப்பும் வினா அது என்பதை மறத்தலாகாது. வாழ்விலே பட்ட அடி அவளை அவ்வாசிரியர்பால் செலுத்திற்று.

முதலில் நிற்பவன் அளவைவாதி. காட்சி, கருதல், உவமம் முதலாக அறியும் வழிகள் பத்து என அவன் கூறுகின்றான். எது உள்ளது எனக் கூறுமுன், எவ்வாறு அறிந்தாய் எனக் காட்டுதல் வேண்டும் என்பது இவ்வரிசையால் பெறப்படும். அவனை அடுத்துச் சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என ஏனையோர் தத்தம் கொள்கையைக் கூறுகின்றனர்.

இவருள் ஆசீவகவாதி கூறும் அணுக்கொள்கை பெரிதும் வியக்கத்தக்கது. நிலம், நீர், தீ, காற்று என்னும் நால்வகை அணுக்களோடு உயிரையும் சேர்த்து ஐந்து என அவன் எண்ணுகின்றான். அணுக்கள் புதிதாகத் தோன்றா, அழியா, ஒன்று பிறிதொன்றினுட் புகா. செறியின் வயிரம் போல் திண்ணிதாம். நெகிழின் மூங்கில் போல் உட்டுளை உடையதாம். தனியணு கண்ணுக்குப் புலனாகாதது ஏன் என்பதற்கு அவன் கூறும் உவமை அழகியது. மாலைப்பொழுதின் மங்கலில் ஒற்றை மயிர் கண்ணுக்குத் தெரியாது. திரண்ட கூந்தல் தெரியும். அணுவும் அத்தகையது என்கின்றான்.

வைசேடிகவாதி பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என உள்ளவற்றை ஆறாகப் பகுக்கின்றான். அரிஸ்டாட்டில் பத்தாகப் பகுத்ததனோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் மாணவர்க்குப் பயன் தரும். இலை என்பது பொருள். பசுமை என்பது குணம். அசைதல் என்பது கருமம். இலையின்றிப் பசுமை தனித்து நில்லாதன்றோ? எது தனித்து நிற்கும், எது சார்ந்து நிற்கும் எனப் பகுத்தறிதலே இவ்வெண்ணிக்கையின் பயனாம்.

இறுதியில் நிற்பவன் பூதவாதி. ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூட்டக் கள்ளின் களிப்புப் பிறப்பது போலப் பூதங்களின் கூட்டத்தால் உணர்வு பிறக்கும்; பறை நீங்க ஓசை நீங்குவது போலக் கூட்டம் கலைய உணர்வும் கெடும்; கண்கூடு ஒன்றே அளவை; மறுமை பொய் என்கின்றான். மனம் என்பது மூளையின் செயலேயோ, அதனின் வேறோ என்று இன்று கல்லூரிகளில் நிகழும் வாதத்தின் ஒரு பக்கம் இதுவே.

ஏனையோர் உரைத்தவற்றைக் கேட்டு வந்த மணிமேகலை, இவன்பால் நகைத்து, தன் முற்பிறப்பை உணர்ந்தமை கருதி வினவுகின்றாள். அத்தகைய உணர்வு மயக்கமும் கனவும் போல்வது என அவன் தள்ளுகின்றான். அப்போது அவள், "நின் தாய் தந்தையரைக் கருதலளவையால் அன்றி வேறெவ்வாறு அறிவாய்?" எனக் கேட்கின்றாள். பிறந்த பொழுதை எவரும் கண்டு நினைவிற் கொண்டாரல்லர். இவரே பெற்றோர் என்பது பிறர் சொல்லாலும் கருதலாலும் பெற்ற அறிவேயாம். கண்கூடு ஒன்றே அளவை என்பான், தன் தாயையும் இழப்பான். பேராசிரியர் பலர் பல நாள் விரித்துரைப்பதனை அவள் ஒரு வினாவில் முடித்தாள். இவ்வினா மறுமை உண்டு என்பதனை நிலைநாட்டிவிடவில்லை. கண்கூடு ஒன்றே போதும் என்னும் அடிப்படையை மட்டுமே அசைக்கின்றது. வாதத்தில் எது வென்றது, எது வெல்லவில்லை என்பதையும் பிரித்தறிதல் வேண்டும்.

மாயை என்னும் சொல்

திருக்கோயில் அன்பர்கள் அடிக்கடி கேட்கும் சொல் 'மாயை'. 'எல்லாம் மாயை' என்று துன்பம் வந்தவிடத்துச் சொல்லிவிடுகின்றோம். அச்சொல் இரு கொள்கைகளில் இரு பொருள் தருவது.

அத்துவித வேதாந்தம், மாலை மங்கலில் கயிறு பாம்பாகத் தோன்றுவதை உவமை காட்டும். பாம்பு காணப்பட்டமை உண்மை. விளக்குக் கொண்டு நோக்கக் கயிறே எஞ்சுவதும் உண்மை. அவ்வாறே உலகு ஞானம் வருமளவும் வழக்கில் உளதாய், ஞானம் வந்தவழி நீங்கும் என்பர். முயற்கொம்பு போல் உலகம் அறவே இல்லாதது என்று அவர் கூறினாரல்லர்.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் சைவ சித்தாந்தத்தை நிறுவுவது. அந்நெறியில் மாயை என்பது உலகிற்கு மூலமாகிய நுண்பொருள்; குடத்திற்கு மண் போல முதற்காரணம். சக்கரமும் தண்டும் போலத் துணைக்காரணமாவது இறைவனது சத்தி. குயவன் போல நிமித்த காரணன் இறைவன். இல்லதாகிய ஒன்று உளதாகாது. உளதாகிய ஒன்று அறவே இலதாகாது என்பது அடிப்படை. அங்ஙனமாயின் உலகை 'அசத்து' என அந்நூலோர் கூறுவது ஏன்? இல்லாதது என்னும் பொருளில் அன்று. ஒரு நிலையில் நில்லாது மாறுவது என்னும் பொருளிலேயாம். மாறாத இறை 'சத்து'. சார்ந்ததன் வண்ணமாகும் உயிர் 'சதசத்து'.

மெய்கண்டாரின் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், உலகாயதம் தொடங்கிப் பதினான்கு பிறர் கொள்கைகளை எடுத்துக் கூறி மறுத்த பின்னரே, சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவினார். மறுப்பதற்கு முன் எதிராளி கூற்றை முழுதும் எடுத்துரைத்தல் நம் முன்னோர் கண்ட நெறி.

பசியும் மெய்ப்பொருளும்

இனி, இவற்றை அறிவதால் வரும் பயன் யாது என்பார்க்கு ஒன்று கூறுவாம். உலகம் பொய் எனக் கொண்டான் ஒருவன், அயலான் பசியும் பொய் என வாளாவிருப்பின், அவன் தத்துவத்தைத் தன் கைப்பொருளுக்குக் காவலாக்கினான் ஆவான். கனவு எனினும் கனவிற் பசித்தவனுக்குப் பசி பசியே. அத்துவிதிகளும் வழக்குநிலையில் அறத்தை விலக்கினாரல்லர். கணந்தோறும் எல்லாம் அழியும் என்னும் பௌத்தரும் ஈகையை விடவில்லை. உலகு உள்பொருள் என்னும் சித்தாந்திகள் கூற்றை ஏற்பார்க்கோ, பிறர் துன்பத்தைத் தோற்றம் எனத் தள்ள வழியே இல்லை. எல்லாம் மாயை என்னும் சொல் நம் துன்பத்தைத் தாங்குதற்கு உதவலாம். பிறர் துன்பத்தைத் தள்ளுதற்கு உதவலாகாது.

மணிமேகலை வரலாறே இதற்குச் சான்று. பதின்மர்பால் பாடம் கேட்டு முடித்தவள், வஞ்சியில் மாசாத்துவானால் புகார் கடல்கொள்ளப்பட்ட செய்தியையும், மழையின்மையால் கச்சி நகர் வாடுவதையும் அறிகின்றாள். அறிந்தவள் வாதத்தைத் தொடர்ந்து கொண்டு அங்கு நிற்கவில்லை. அமுதசுரபியுடன் கச்சி சென்று, பசித்து வந்தார் அனைவர்க்கும் உணவளித்தாள். அதன் பின்னரே அறவண அடிகள்பால் அளவை நூலும் அறமும் கேட்டாள். முற்பாடத்திற்கும் பிற்பாடத்திற்கும் இடையில் சோறு நிற்கின்றது.

திருக்குறளின் 36ஆவது அதிகாரம் மெய்யுணர்தல். அதற்கு முன்னரே, அதே துறவறவியலின் தொடக்கத்தில், 25ஆவதாக நிற்பது அருளுடைமை. மெய்ப்பொருளை ஆராய விரும்பும் அன்பர்கள் இவ்வரிசையையும் உளங்கொள்க. கேட்க வேண்டியவற்றைக் கேட்க. ஐயுற வேண்டியவற்றை ஐயுறுக. எதிர்வாதம் புரிவான் சொல்லை முழுதும் செவிமடுக்க. பந்தியில் அமர்ந்தான் இலையில் அன்னம் வீழ்ந்ததா என்பதனை முதற்கண் நோக்குக.