வார்னிங்தானே, விட்டுத்தள்ளு!

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)

சி லேபில் நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. புரோகிராமை கம்பைல் செய்ததும் ‘எர்ரர்’ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். இல்லையென்றால் ரன் கொடுத்து, அவுட்புட்டை ரெக்கார்டில் எழுதிவிட்டுக் கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவோம். நடுவில் நாலைந்து ‘வார்னிங்’ வந்திருக்கும். “வார்னிங்தானே, விட்டுத்தள்ளு!” போன வருடம் வரை நானும் இப்படிச் சொன்னவன்தான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எர்ரர் என்றால் சி மொழியின் இலக்கணம் மீறப்பட்டிருக்கிறது, கம்பைலர் மேலே போக மறுக்கிறது என்று பொருள். வார்னிங் அப்படியல்ல. “இலக்கணப்படி சரி. ஆனால் நீ எழுத நினைத்தது இதுதானா?” என்று கம்பைலர் நம்மைக் கேட்கும் கேள்வி அது.

நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பையன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். எங்க ஊரில் வார்னிங் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றினால், எங்கோ தூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். 10-ஆம் எண் என்றால் பெரும் அபாயம். ஒன்று ஏறும் நாளில் கரையில் வெயில்கூட அடிக்கும். ஆனாலும் எங்க நைனா சொல்வார்: “கூண்டு ஏத்துனவன் சும்மா ஏத்த மாட்டான்டா. இன்னா ஏதுன்னு கேட்டுட்டு வா.”

இப்போது கெர்னலுக்கு வருவோம். இயங்கு தளத்தின் உள்மையம்தான் கெர்னல். மெமரி, டிஸ்க், இணைத்திருக்கும் கருவிகள் எல்லாம் அதன் கைக்குள். நம் புரோகிராமில் தப்பு இருந்தால் விடை தப்பாக வரும். கெர்னலில் தப்பு இருந்தால் மொத்த மெஷினும் நின்றுவிடலாம். ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் பெரும்பாலும் நாம் படிக்கும் சி மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்கும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்கு தளத்துக்கும் அடியில் இருப்பது அதுவே.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ‘ஸ்விட்ச்’ எழுதும்போது ஒவ்வொரு ‘கேஸ்’ முடிவிலும் ‘பிரேக்’ போட வேண்டும் என்று படித்திருக்கிறோம். போடாவிட்டால் அடுத்த கேஸும் சேர்ந்து ஓடும். எங்கள் ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பிரேக் இல்லாத கேஸ், தன் முறை முடிந்தும் அடுத்தவன் பாட்டில் வலை போடுகிற மாதிரி! ஆனால் சில இடங்களில் புரோகிராம் எழுதியவர் வேண்டுமென்றே பிரேக்கை விட்டிருப்பார். மறதியா, விருப்பமா? கம்பைலருக்கு எப்படித் தெரியும்?

2017-இல் வந்த ஜி.சி.சி. 7-ஆம் பதிப்பில் இதற்கென்றே ஒரு வார்னிங் சேர்த்தார்கள். குஸ்டாவோ சில்வா முதலானோர் கெர்னலில் அப்படிப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார்கள். வேண்டுமென்றே விட்ட இடங்களில் அதற்கான குறிப்பைப் போட்டார்கள். மறதியாய் விட்ட இடங்களும் அகப்பட்டன. அவை உண்மையான பிழைகள். அங்கே பிரேக் சேர்த்தார்கள். 2019-இல் வந்த 5.3 பதிப்பில் இந்த வார்னிங்கைக் கெர்னல் முழுமைக்கும் இயக்கிவிட்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. இரவல் லேப்டாப்பில் ‘மேக் டபிள்யூ=1’ என்று கொடுத்து கெர்னலை கம்பைல் செய்தேன். அப்படிக் கொடுத்தால் வழக்கமாகக் காட்டாத வார்னிங்குகளும் வரும். ஒரு டிரைவர் பைலில், ஒரு வேரியபிளில் மதிப்பு வைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் எங்கும் பயன்படவில்லை என்று வந்தது. சுலபம்தானே! வேரியபிளையும் அந்த வரியையும் அழித்தேன். வார்னிங் போயே போச்சு. பெருமையாக எங்கள் லேப் சாரிடம் காட்டினேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்த வரியில ஒரு ஃபங்ஷன் கால் இருந்துச்சே, அது எங்கப்பா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஃபங்ஷன் ஒரு கருவியின் ரெஜிஸ்டரைப் படிக்கிறது. சில சிப்புகளில் ரெஜிஸ்டரைப் படிப்பதே ஒரு வேலை. படித்தால்தான் பழைய நிலை அழியும். அதையே நான் தூக்கிவிட்டேன். அதைவிடப் பெரிய விஷயம், அந்த வேரியபிளில் இருந்தது ‘படித்தது வெற்றியா, தோல்வியா’ என்கிற பதில். முதலில் எழுதியவர் அதைச் சோதிக்க மறந்திருக்கிறார். கம்பைலர் சுட்டிக்காட்டியது அந்த மறதியைத்தான். நானோ சுட்டிய விரலையே வெட்டிவிட்டேன். நல்லவேளை, அதை யாருக்கும் அனுப்பவில்லை!

அனுபவசாலிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2006-இல் டெபியன் லினக்ஸில், ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்துவதற்காக ஓபன் எஸ்.எஸ்.எல். நிரலில் ஒரு மாற்றம் செய்தார்கள். இது கெர்னலில் அல்ல, ரகசியச் சாவிகளை உருவாக்கும் நிரலில். எச்சரிக்கை நின்றது. கூடவே சாவிகளை ஊகிக்க முடியாமல் செய்யும் தற்செயல் தன்மையும் கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. 2008 மே மாதம்தான் இது வெளியில் தெரிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் அதில் உருவான சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே நண்பர்களே, வார்னிங் வந்தால் முதலில் அது எந்த வரியைச் சொல்கிறது என்று பாருங்கள். அந்த வரியை எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்று கண்டுபிடியுங்கள். பிறகு கை வையுங்கள். ‘காஸ்ட்’ போட்டு வாயை அடைப்பதும், வரியை அழிப்பதும் திருத்தம் ஆகாது. நம் லேபில் ‘வால்’ என்ற ஆப்ஷனையும் சேர்த்தே கம்பைல் செய்து பழகுவோம்.

விடியற்காலையில் போட்டைத் தள்ளும் முன் எங்க நைனா இப்போதெல்லாம் போனில்தான் வானிலைச் செய்தி பார்க்கிறார். அந்த போனுக்கு அடியிலும் கெர்னல்தான் ஓடுகிறது. யாரோ ஒருவர் ஒரு வார்னிங்கை விட்டுத்தள்ளாமல், “இன்னா ஏது” என்று கேட்டுத் திருத்தியிருப்பார். நாளை அந்த ஒருவர் நம் காலேஜிலிருந்தும் வரட்டும்!